திட்டம் பலன் தந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

நடுமேசை (கேள்வி)

வணக்கம். மருத்துவமனை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படித்தது இயந்திரப் பொறியியல், பிறகு மேலாண்மை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டம் ஒன்றைச் சில மாதங்களாக ஒரு பிரிவில் நடத்திவருகிறோம். எல்லாப் புறநோயாளர் பிரிவுகளுக்கும் அதை விரிப்பதா, இத்துடன் நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். "பலன் தந்ததா" என்று ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

கூட்டத்தில் ஆளுக்கொரு பலன் சொன்னார்கள். மென்பொருள் கொடுத்த நிறுவனத்தின் பிரதிநிதி, பலன் 90 சதவீதத்துக்கு மேல் என்றார். எதில் என்று கேட்டால், அனுப்பிய செய்திகளில் அத்தனை போய்ச் சேர்ந்துவிட்டனவாம். நிதிப் பிரிவுத் தலைவருக்கு, ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதே பலன். இதய மருத்துவரோ, திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அழுத்தம் சராசரியாக இறங்கியிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். ஆய்வுப் பிரிவிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருவர் மட்டும், "இந்த மூன்றில் எதுவும் பலனைக் காட்டவில்லை" என்றார். கூட்டம் முடியும் நேரமாகிவிட்டதால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் படித்த பொறியியலில் பலன் என்பது ஒரு விகிதம். மேலாண்மை வகுப்பில் அது இலக்கை எட்டுவது. மருத்துவர்கள் வேறு எதையோ சொல்கிறார்கள். இவை எல்லாம் ஒன்றுதானா? அறிக்கையில் நான் எதை எழுதுவது?

மிச்சக்கணக்கு

அந்த இளம்பெண்ணைத் தேடிப் பிடித்து, அவரோடு உட்கார்ந்து அறிக்கையை எழுதுங்கள். என் பதில் அவ்வளவுதான். காரணமும் வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

மருந்து ஆய்வுகளில் தரவு பார்ப்பது என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் யாராவது "இத்தனை சதவீதம் பலன்" என்றால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. எதில் இத்தனை சதவீதம்? யாரிடம்? இது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசிக் கேள்விக்கு உங்கள் கூட்டத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தப் பெண் சொன்னது அதைத்தான்.

முதலில் செய்தி போய்ச் சேர்ந்த கதை. செய்தி கைபேசிக்குப் போகிறது. அதை அவர் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு எழுந்துபோய் மாத்திரையைப் போட வேண்டும், போட்ட மாத்திரை அழுத்தத்தை இறக்க வேண்டும், இறங்கிய அழுத்தம் பக்கவாதத்தைத் தடுக்க வேண்டும். இத்தனை கண்ணிகளில் நிறுவனம் அளந்தது முதல் கண்ணியை மட்டும். அவர்கள் கைக்கு எட்டியது அதுதான்.

அடுத்த கண்ணியை அளப்பதே எவ்வளவு சிரமம் என்று சொல்கிறேன். ஆய்வுகளில் நோயாளி திருப்பிக் கொண்டுவரும் குப்பியைத் தட்டில் கொட்டி, மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணுவோம். கணக்கு அத்தனை அழகாக நேராகும். பிறகு, குப்பி எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று பதிந்துவைக்கும் சிப் பொருத்திய மூடிகள் வந்தன. நாள்கணக்கில் தொடப்படாத மூடி, மருத்துவரைப் பார்க்கும் தேதி நெருங்க நெருங்க வேளை தவறாமல் திறக்கப்பட்டிருக்கும். இடையில் தங்கிப்போன மாத்திரைகள் வரும் வழியில் எங்கோ கொட்டப்பட்டிருக்கும். இதற்காக நோயாளிகளைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவர் முகம் சுளிப்பதை யார்தான் விரும்புவார்கள்? நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி உட்கொள்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 இல் எழுதியது.

இதய மருத்துவர் அளந்தது இதைவிட மேல். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த எண் அது. ஆனால் உடம்பிலிருந்து எடுத்த எண்ணும் ஏமாற்றும். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் தப்பும் துடிப்பு அதிகமுள்ளவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பும் அதிகம் என்பது தெரிந்த விஷயம். என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை நன்றாக அடக்கின. துடிப்பு அடங்கினால் உயிர் பிழைப்பார் என்று நம்பி மருத்துவர்கள் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதிக்க அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களையே தேர்ந்தெடுத்துக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 1991 இல் முழு முடிவு வெளியானது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். சராசரியாகப் பத்தே மாதத்தில் இது. கருவியில் பார்த்தால் மருந்து அற்புதமாக வேலை செய்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் போயிருந்தால், அந்த 63 மரணங்களையும் நோயின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை அந்தப் பயம் வேண்டாம். அதை இறக்கினால் பக்கவாதம் குறையும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. உங்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. திட்டத்தில் யாரைச் சேர்த்தீர்கள்? கடைசி வருகையில் அழுத்தம் அதிகம் காட்டியவர்களைத்தானே? ரத்த அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஏறியிருந்த நாளில் அகப்பட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அடுத்த மாதம் மறுபடி அளந்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கித்தான் இருக்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்து, 1886 இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரான்சிஸ் கால்டன் விளக்கிய அதே நிகழ்வு இது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இங்கே காக்கைக்கு மாதச் சந்தா வேறு கட்டுகிறீர்கள்.

எனவே ஒரு சதவீதத்தைப் பார்த்தால் அதன் பின்னால் இரண்டு வரிசைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 2020 இல் வெளியான ஃபைசர் கோவிட் தடுப்பூசி ஆய்வின் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டவர்களில் 100 க்கு ஐந்து பேருக்கு நோய் வரும் என்று அதைப் படித்தவர்கள் ஏராளம். உண்மையில் ஒவ்வொரு பக்கமும் 18,000 பேருக்கு மேல் இருந்தார்கள். தடுப்பூசிப் பக்கம் நோய் கண்டவர்கள் 8 பேர், வெற்று ஊசிப் பக்கம் 162 பேர். 95 என்பது இந்த 8 க்கும் 162 க்கும் இடையிலுள்ள உறவு. 162 ஐ மறைத்துவிட்டால் 8 க்குப் பொருளே இல்லை. உங்கள் அறிக்கையில் 162 எங்கே?

நிதிப் பிரிவுத் தலைவரின் வாதத்துக்கு நேரம் செலவிட மாட்டேன். ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1972 இல் எழுதிய சிறு நூலின் தலைப்பே பலனையும் சிக்கனத்தையும் பற்றியதுதான். அந்த வழியில் வந்தவர்கள் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள்: உகந்த சூழலில் இது வேலை செய்யக்கூடியதா, நடைமுறையில் வேலை செய்கிறதா, ஆகும் செலவுக்குத் தகுமா. முதல் இரண்டையும் தாண்டாமல் மூன்றாவதுக்குப் போனால், உதவாத ஒன்றை மலிவாகச் செய்ததற்காக நம்மை நாமே பாராட்டிக்கொள்வோம்.

முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள தூரத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கருத்தடை மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் போட்டால், அமெரிக்க மதிப்பீட்டின்படி ஓர் ஆண்டில் 1,000 பெண்களில் 3 பேர் கருத்தரிப்பார்கள். மறதியும் பயணமும் வாந்தியும் கலந்த வழக்கமான வாழ்க்கையில் அது 100 க்கு 7. மாத்திரை அதேதான்.

இரவுப்பணி

அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். மிச்சக்கணக்கு அம்மா சொன்ன அந்தத் தூரத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று, சத்தமாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் முயன்று பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 க்கு இறங்கியது. சிக்கல்கள் 11 இலிருந்து 7 க்கு. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014 இல் வந்தது. பட்டியலைக் கடைப்பிடிக்கிறோம் என்று ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் எழுதிக்கொடுத்திருந்தன. இறப்பு 0.71 இலிருந்து 0.65. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது.

எனக்கு இதில் வியப்பில்லை. ஒழுங்காக நடக்கும் நாளில் எப்படி இருக்கும் தெரியுமா? கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் கையை நிறுத்துவார்கள். புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் உட்பட ஒவ்வொருவரும் பெயரையும் தன் வேலையையும் சொல்வார்கள். நுண்ணுயிர்க்கொல்லி கடந்த 60 நிமிடத்துக்குள் போடப்பட்டதா என்று நான் கேட்பேன். மயக்க மருத்துவர் நேரத்தைச் சொல்வார். ஒரு முறை தன் பெயரைச் சொல்லிவிட்ட பயிற்சி மருத்துவர், பின்னால் ஏதாவது தப்பாகப் பட்டால் வாய் திறக்கிறார். அதற்காகத்தான் அந்தச் சடங்கு. அவசர நாளில் தாள் ஓரமாகக் கிடக்கும். தையல் போடும்போது யாரோ ஒருவர் 19 இடங்களிலும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில் சரிக்குறி போட்டுவிடுவார். கோப்பில் இரண்டு தாள்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிர்வாகம் எண்ணுவது தாளை.

உங்கள் குறுஞ்செய்தியும் அப்படித்தான். "போய்ச் சேர்ந்தது" என்பது உங்கள் சரிக்குறி.

மிச்சக்கணக்கு

இரவுப்பணி சொன்ன ஒரே பேனா, ஒரே சாய்வு என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. ஆனால் ஒன்று. அந்த 2009 ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதே மருத்துவமனைகளின் முன்பும் பின்பும்தான். ஒன்டாரியோவும் முன்பும் பின்பும்தான். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியாது. நார்வேயில் இரண்டு மருத்துவமனைகளில் இதைச் சரியாகச் செய்தார்கள். பட்டியலை எல்லாப் பிரிவுகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், எந்தப் பிரிவு முதலில், எது அடுத்து என்று குலுக்கிப் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இன்னும் சேராத பிரிவு அதுவரை ஒப்பீட்டுக் குழு. 2015 இல் வெளியான அந்த முடிவில் சிக்கல்கள் 19.9 சதவீதத்திலிருந்து 11.5 க்கு இறங்கியிருந்தன.

எண்ணெய்க்கறை

நடுமேசைக்கு: நானும் இயந்திரப் பொறியியல்தான். ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன். நீங்கள் படித்த விகிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதிலேயே பதில் இருக்கிறது.

வெப்பப் பரிமாற்றியின் பலனை எப்படிக் கணக்கிட்டோம்? உண்மையில் கைமாறிய வெப்பத்தை, கைமாறச் சாத்தியமான அதிகபட்ச வெப்பத்தால் வகுத்தோம். அந்த அதிகபட்சத்தை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை. சூடான பக்கம் எந்த வெப்பநிலையில் நுழைகிறது, குளிர்ந்த பக்கம் எதில் நுழைகிறது, எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்தால் இயற்பியலே சொல்லிவிடும். 0.8 என்றால் 0.8, குழாய்க்குள் படிவு ஏற ஏற அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மருத்துவத்தில் அந்தக் கீழ் எண்ணை இயற்பியல் தராது. எனவே ஒப்பீட்டுக் குழுவைத் தேடிப் போகிறார்கள்.

மேலாண்மைக்கு வந்ததும் அந்தக் கீழ் எண்ணை நாமே எழுதிக்கொள்கிறோம். ஆலைகளில் இயந்திரப் பலனுக்கு ஜப்பானின் செய்ச்சி நகாஜிமா வகுத்த கணக்கு ஒன்று உண்டு: ஓடத் தயாராக இருந்த நேரம், ஓடிய வேகம், நல்ல பொருளின் பங்கு மூன்றையும் பெருக்க வேண்டும். 90, 95, 99 சதவீதம் என்றால் பெருக்கல் ஏறக்குறைய 85. அந்த 85 ஐத் தொடாத ஆலைகளில் மேலாளர்களுக்குத் தூக்கம் வராது. அதைத் தொட எளிய வழி, வகுக்கும் எண்ணிலிருந்து நேரத்தைத் திருடுவது. பழுதை "திட்டமிட்ட நிறுத்தம்" என்று பதிந்துவிட்டால் அது கணக்கிலேயே வராது. இன்னொரு வழி, அச்சு மாற்றாமல் ஒரே பொருளைச் செய்து கிடங்கை நிரப்புவது. இயந்திரத்தின் பலன் உச்சத்தில் இருக்கும். அந்தப் பொருளை வாங்க ஆள் இருக்காது. செய்வதைச் சரியாகச் செய்வதும் செய்ய வேண்டியதைச் செய்வதும் வேறு என்று மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1960 களிலேயே எழுதிவிட்டார். அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அலுவலகங்களில்தான் கிடங்கு நிரம்பி வழிகிறது.

இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வந்த நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கடிகாரம் நோயாளி உள்ளே வந்த பிறகுதானே ஓடத் தொடங்கும்? ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையாக நின்றன. அளவுகோலை இலக்காக்கினால் அது அளப்பதை நிறுத்திவிடும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரில் வழங்கும் விதி இதுதான்.

மிச்சக்கணக்கு அம்மாவோடு ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். எல்லாவற்றுக்கும் குழு பிரிக்க வேண்டியதில்லை. அதிர்கிற பம்ப்பின் தாங்கியை மாற்றினேன், அதிர்வு நின்றது. இதற்கு ஒப்பீட்டுக் குழு எதற்கு?

மிச்சக்கணக்கு

அதற்குத் தேவையில்லைதான். பம்ப் தானாகக் குணமாவதில்லை. எனவே மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நோயாளிகளில் பலர் தானாகக் குணமாகிறார்கள், அதுதான் எங்கள் தலைவலி. அலுவலகங்களும் நோயாளிகளைப் போலத்தான், பம்ப்பைப் போல அல்ல.

அரைப்பாகை

பலன் என்று தலைப்பில் இருப்பதால் எட்டிப் பார்த்தேன். இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் பக்கம் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பதில் முன்கூட்டிச் சொல்லுதல் இருக்கிறது. யுரேனஸின் பாதை கணக்கிலிருந்து விலகியதைப் பார்த்து, அதற்கு அப்பால் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே இடத்தைக் கணக்கிட்டு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவு பெர்லினில் வானியலாளர் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெ வெரியே, புதன் கோளின் விலகலுக்கும் அதே மருந்தைக் கொடுத்து, வல்கன் என்ற கோள் சூரியனுக்கு அருகில் இருக்க வேண்டும் என்றார். இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) என்ற அந்த மிச்சத்தை ஐன்ஸ்டைன் 1915 இல் விளக்கினார். ஆனாலும் விண்கலங்களின் பாதையை இன்றும் பெரும்பாலும் நியூட்டனின் விதியால்தான் கணக்கிடுகிறோம். எந்த எல்லைக்குள் அது செல்லும் என்று இப்போது தெரியும், அவ்வளவுதான். உங்கள் திட்டத்துக்கும் எல்லை ஒன்று இருக்குமே? குறுஞ்செய்தி படிக்கத் தெரியாதவர்கள், கைபேசி மகனிடம் இருப்பவர்கள்?

நடுமேசை

எல்லோருக்கும் நன்றி. ஆய்வுப் பிரிவுப் பெண்ணிடம் பேசினேன். கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். அதே மாதங்களில் திட்டத்தில் சேராத, அதே அளவு அழுத்தத்தோடு தொடங்கிய நோயாளிகளுக்கும் பெருமளவு இறங்கியிருக்கிறது. இரு பக்கத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சேர்ந்தவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதால் அதையும் நம்ப முடியாது என்கிறார். கைபேசி மகனிடம் இருக்கும் நோயாளிகள் யார் யார் என்று பட்டியலிலேயே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"பலன் இன்னும் தெரியவில்லை" என்று அறிக்கை எழுதப்போகிறேன். நார்வேயில் செய்ததைப் போல, மீதிப் பிரிவுகளைக் குலுக்கல் வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்று முன்மொழிகிறேன். எப்படியும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க ஆட்கள் இல்லை, எனவே கூடுதல் செலவும் இல்லை. நிதிப் பிரிவுத் தலைவருக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்துவிட்டது. இதய மருத்துவர்தான், ஆர்வமுள்ள பிரிவுகளை முதலில் சேர்க்கலாமே என்கிறார்.

மிச்சக்கணக்கு

விடாதீர்கள். ஆர்வமுள்ள பிரிவில் திட்டம் இல்லாவிட்டாலும் நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்த நன்மையெல்லாம் குறுஞ்செய்தியின் கணக்கில் ஏறிவிடும். குலுக்கலை எல்லோர் முன்னிலையிலும் நடத்துங்கள். எதை அளக்கப்போகிறீர்கள், எந்த மாதத்தில், எவ்வளவு இறங்கினால் போதும் என்று கொள்வீர்கள் என்பதை முதல் செய்தி போவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். அழுத்தத்தை அளக்கும் செவிலியருக்கு, எதிரே இருப்பவருக்குச் செய்தி போகிறதா இல்லையா என்பது தெரிய வேண்டாம். நடுவில் செய்தியை நிறுத்தச் சொன்னவர்களை நீக்கிவிடாமல், அவர்கள் சேர்ந்த பக்கத்திலேயே கணக்கில் வையுங்கள். மென்பொருள் நிறுவனம் முதலில் கேட்கப்போவது அவர்களை நீக்கச் சொல்லித்தான்.